சேவலுக்கு ஒரு கேட் பாஸ்

எனக்குப் பொய் எழுதினா புடிக்காது. ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனி கேட்ல பதினாலு வருஷமா உக்காந்து பாஸ் போட்டுகினு இருக்கேன். ஆணி உள்ள போனாலும் பாஸ், அண்டா உள்ள போனாலும் பாஸ். என்ன சாமான், எத்தினி, யாருது, திரும்ப வருமா வராதா. இந்த நாலு கட்டத்தையும் ரொப்பாம ஒரு ஈ காக்கா என்னைத் தாண்டிப் போனதில்ல. அமலா கேட்ல இருந்தா பிளான்ட் ஹெட்டே ஐடி கார்டைத் தேடுவாருன்னு ஊருல ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவுட்டதே நான்தான், அதை வுடுங்க.

நான் சொல்ல வந்தது கோதண்டம் அண்ணனைப் பத்தி.

எங்க ரெண்டு பேருக்கும் நெல்லித்தாங்கல்தான் ஊரு. கம்பெனியில ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறாரு. ஆளு அஞ்சடி, மீசை அரை அடி. வண்டியிலயே இருந்து இருந்து, கல்யாணப் பந்தியில எழுந்து பின்னால நகரணும்னாகூட ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டுதான் நகருவாரு. முக்கு திரும்பறப்ப வாயாலயே ஹாரன் அடிப்பாரு. ரத்னா அக்கா, அதான் அவரு சம்சாரம், "கல்யாணம் பண்ணி இருபத்தேழு வருஷம் ஆச்சு, இந்த மனுஷன் சமையக்கட்டுல என்னை ஓவர்டேக் பண்ணதே கிடையாது"ன்னு சொல்லும்.

வருஷத்துல முந்நூத்தி அறுபத்திநாலு நாளு அவருக்குப் பேரே கிடையாது. நேத்து காலேஜ் முடிச்சு வந்த பையன்கூட "யோவ் ஃபோர்க்லிஃப்ட், இங்க வா"ன்னு கூப்பிடுவான். அவரும் போவாரு. மிச்சம் இருக்கற அந்த ஒரு நாளுக்காகத்தான் அவரு உசுரோட இருக்காருன்னு நான் சொன்னா நம்புங்க.

அது ஆடி மாசம் மூணாவது ஞாயித்துக்கிழமை. எங்க கம்பெனிக்குப் பின்னால, லோடு ஏத்தற யார்டு ஓரமா, வேப்பமரத்தடியில இடுப்பு உசரத்துக்கு ஒரு கல்லு நிக்குது. பாட்டன் கல்லு. முன்ன இந்த இடமே எங்க ஊரு காடு, கழனி. நிலம் கம்பெனிக்குப் போச்சு, கல்லு மட்டும் போகல. வருஷத்துக்கு ஒரு நாள் ஊரு ஜனம் உள்ள வந்து கும்புட்டுக்கலாம்னு அப்பவே பேசி வெச்சிருக்காங்க.

கோதண்டம் அண்ணன் கதையில, அந்தப் பாட்டன் அவரோட வம்சத்து ஆளு. ஏரிக்கரையில ஊரு மாட்டை அடிக்க வந்த புலியோட சண்டை போட்டுச் செத்தவரு. நான் சின்னப் புள்ளையா கேட்டப்ப ஒரு புலி. கம்பெனி வந்தப்புறம் ரெண்டு ஆச்சு. வெளிநாட்டு கஸ்டமர் வந்த வருஷம் குட்டியோட சேர்த்து நாலு.

கல்லுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கற உரிமையும் அவங்க குடும்பத்துக்குத்தான். அவரு அப்பா காலத்துல மஞ்சா. அப்புறம் பச்சை. கம்பெனியில தரைக்கோடு போடற பெயிண்ட் மிச்சமானதும் எல்லா கலரும் ஏறிச்சு. தலையில தலப்பா, கையில கேடயம், முதுகுக்குப் பின்னால ஈட்டி. மீசை மட்டும் கோதண்டம் அண்ணனே வரைஞ்சது. கண்ணாடியில தன் மூஞ்சைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சாரு. கும்புட வர்ற பாதி பேருக்கு அவரையே கும்புடற மாதிரி இருக்கும்.

அன்னிக்கு நடக்கற கூத்தைச் சொல்லணும். ஊரு ஜனம் மொத்தத்துக்கும் ஹெல்மெட், பளபளக்கற ஜாக்கெட், சேஃப்டி ஷூ. கற்பூரம் கொளுத்தணும்னா வெல்டிங் பண்றதுக்கு வாங்கற அதே நெருப்பு பர்மிட் வாங்கணும். பொங்கல் பானை பக்கத்துல தீயணைப்பு சிலிண்டரோட ஒருத்தன் நிப்பான். பம்பை அடிச்சா காதுக்கு அடைப்பான் குடுப்பாங்க. எல்லாம் முடிஞ்சு பூசாரி சுப்பன் பரிவட்டத்தை எடுத்து கோதண்டம் அண்ணனுக்குக் கட்டுவாரு, ஹெல்மெட்டு மேலயே. பிளான்ட் ஹெட்டு, மேனேஜருங்க எல்லாம் அவருக்குப் பின்னால கை கட்டி வரிசையில நிக்கணும். அவரு முன்னால. மொத விபூதி, மொத மரியாதை அவருக்கு. "யோவ் ஃபோர்க்லிஃப்ட்"னு கூப்பிட்டவன் எல்லாம் அன்னிக்கு "அண்ணே, கொஞ்சம் விபூதி"ன்னு கை நீட்டுவான்.

படையலுக்கு ஒரு சேவல். அதுக்கும் பாஸ் நான்தான் போடுவேன். சேவல் ஒண்ணு, கோதண்டத்துது, திரும்ப வராது. உள்ள போறப்ப கூவிகினு போகும், வெளிய வர்றப்ப எல்லார் வாயிலயும் ஏப்பமா வரும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிஞ்சது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன புது குடோன் கட்டறப்ப கல்லை இருபதடி தள்ளி வைக்க வேண்டி வந்துச்சு. கிரேன்காரன் வந்தான். கோதண்டம் அண்ணன் வுடல. "எங்க பாட்டனை நான்தான் தூக்குவேன்"னு வண்டியை எடுத்துகினு வந்து, பச்சைப் புள்ளையைத் தூக்கற மாதிரி தூக்கினாரு. இறக்கறப்ப லேசா இடிச்சு, கீழ் மூலை ஒண்ணு ஒரு கை அகலத்துக்குப் பேந்து காங்கிரீட்டுக்குள்ள போயிடுச்சு. அன்னிக்குச் சாயந்திரமே அந்த இடத்துல மஞ்சா பெயிண்ட் பூசிட்டாரு. "அமலா, பார்த்தியா?"ன்னாரு. "நான் எங்க பார்த்தேன், பாஸ் போட்டுகினு இருந்தேன்"னேன். அது பொய்தான். ஆனா எழுதல பாருங்க.

இந்த வருஷம் ஆனி மாசம் ஆரம்பிச்சுது சனி. எச்.ஆர். மேனேஜர் சிவசங்கர் சாருக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஆடி ஞாயித்துக்கிழமை வெளிநாட்டு கஸ்டமர் நாலு பேரு வர்றாங்களாம், கல்லு பக்கத்துல ஒரு வரலாற்றுப் பலகை வெச்சுத் திறக்கணுமாம். கல்லைப் பத்தி ரெண்டு வரி சரியா எழுத, கல்வெட்டு படிக்கிற ஆறுமுகநயினார்னு ஒருத்தரைக் கூட்டிகினு வந்தாரு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரரு, ரிட்டயர் ஆன வாத்தியார், கையில பூதக்கண்ணாடி.

அவரு கல்லைப் பார்த்தாரு, மீசையைப் பார்த்தாரு, கோதண்டம் அண்ணனைப் பார்த்தாரு. "பெயிண்ட எடுத்தாத்தான் எதுவும் சொல்ல முடியும்"னுட்டாரு. வெந்நீரும் மூங்கில் சீவலும் வெச்சுகினு ரெண்டு நாளு சுரண்டினாரு. கறுப்பு போச்சு, செவப்பு போச்சு, பச்சை போச்சு, மஞ்சா போச்சு. கோதண்டம் அண்ணன் பெருமை தாங்காம பக்கத்துலயே உக்காந்துகினு, உரிஞ்ச பெயிண்ட்டுக்கு ஒவ்வொண்ணா வருஷம் சொல்லிகினு இருந்தாரு.

ரெண்டாம் நாள் மத்தியானம் கேன்டீன்ல சாப்பாட்டைப் போட்டுட்டு நாங்க பத்து பேரு ஓடினோம், கல்லு வெளிய வந்துடுச்சுன்னு.

ஆறுமுகநயினார் நெத்தியைத் துடைச்சுகினாரு. "பாத்தியளா, இது தலப்பா இல்ல, கொண்டை. இது கேடயம் இல்ல, றெக்கை. ஈட்டின்னு சொன்னியளே, அது வால் இறகு. மீச வரைஞ்சிருந்த எடத்துல இருக்கது அலகு. இது சேவலு."



"புலி எங்க கீது?"ன்னாரு கோதண்டம் அண்ணன்.

"புலி இல்லியே."

"குட்டி?"

"ஒண்ணுமே இல்ல. கீழ ரெண்டு வரி எழுத்து இருக்கு. இந்த ஊர்ல நடந்த சேவச் சண்டையில ஓடாம நின்னு பொருது செத்த சேவலுக்கு எடுத்த கல்லுன்னு சொல்லுது. யாரு வளத்த சேவலுன்னு கடைசியில பேரும் இருந்திருக்கும். அந்த மூலை உடஞ்சு போச்சு."

கோதண்டம் அண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

புள்ளையார் புடிக்கப் போயி குரங்கா முடிஞ்ச கதைன்னு சொல்லுவாங்க. எங்க ஊருல பாட்டனைப் புடிக்கப் போயி கோழியா முடிஞ்சுது. ரத்னா அக்காதான் மொதல்ல கணக்காப் பேசிச்சு. "ஒரு கோழிக்கு முன்னாடி வருஷா வருஷம் கோழி அறுத்துக் கொழம்பு வெச்சு, அதுக்கே படைச்சிருக்கோம். அது எப்படிடி பார்த்துகினு இருந்திருக்கும்?"

அப்புறம் ராஜாமணி சும்மா இருப்பானா. ரத்னா அக்காவோட தம்பி அவன், பெயிண்ட் ஷாப்ல வேலை, பரிவட்டத்து மேல ரொம்ப நாளா கண்ணு. மறுநாளு கம்பெனி பஸ்ல கோதண்டம் அண்ணன் கால் வெச்சதும், "வா மாமா, ஷிப்டுக்கு வந்தியா, கூவ வந்தியா?"ன்னான். பின் சீட்டுல நாலு பேரு கொக்கரக்கோன்னானுங்க. மறைமலை நகர்ல ஏறின ஒருத்தன் விஷயமே தெரியாம அவனும் கூவினான். டீக்கடையில பூசாரி சுப்பனை வெச்சுகினு ஊரு பேசுச்சு. பாட்டனே இல்லன்னா வம்சம் ஏது, வம்சம் இல்லன்னா மொத மரியாதை ஏது, இனிமே தெரு வரிசைப்படி பரிவட்டம். மொத வருஷம் ராஜாமணி தெருவாம். யாரு பேசி முடிச்சிருப்பான்னு சொல்லணுமா.

கோதண்டம் அண்ணன் மூணு நாளு லீவு. நாலாம் நாளு ரத்னா அக்கா கேட்டுக்கே வந்துடுச்சு. "அமலா, வூட்டுல கறி எடுத்தா தட்டைத் தள்ளி வைக்கறாரு. முட்டையைப் பார்த்தா பெருமூச்சு வுடறாரு. நீ கொஞ்சம் சொல்லேன்."

"நான் இன்னாக்கா சொல்றது, ஆழ்ந்த அனுதாபம்னா?"ன்னேன். சொன்னப்புறம்தான் யோசிச்சேன். அந்த ஒரு நாளும் போச்சுன்னா அந்த மனுஷனுக்கு என்னதான் இருக்கு?

அப்பத்தான் சிவசங்கர் சார் ஒரு பெயிண்ட் டின்னோட வந்தாரு. கோதண்டம் அண்ணனை வேலைக்கு வரச் சொல்லி, என் கேபின்லயே உக்கார வெச்சுப் பேசினாரு. "கோதண்டம், கோழின்னு பலகை வெச்சா கஸ்டமர் என்ன நினைப்பாங்க? பின்னாடி சிக்கன் கடை இருக்குன்னு நினைப்பாங்க. வீரன்னே போட்டுடுவோம். நீங்க பழையபடி பெயிண்ட் அடிச்சு மீசையை வரைஞ்சிடுங்க. நயினார் சாரோட நான் பேசிக்கறேன். ஊருக்கும் சொல்லிடறேன், பரிவட்டம் உங்களுக்குத்தான். வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, பலகை செய்யக் குடுக்கணும்."

எனக்குக் கோவம் மண்டைக்கு ஏறிச்சு. பொய்யை எழுதி எடுத்துகினு வந்தா அந்தப் பலகைக்கு நான் எப்படி பாஸ் போடறது? ஆனா கோதண்டம் அண்ணன் மூஞ்சைப் பார்த்தேன். மூணு நாளுக்கப்புறம் அந்த மீசை கொஞ்சம் நிமிர்ந்துச்சு. ஆயுசுல மொத தடவையா வாயை மூடிகினு இருந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவரு டின்னும் பிரஷ்ஷுமா கல்லு முன்னால உக்காந்தாரு. நான் மோர் எடுத்துகினு போனேன். பிரஷ்ஷுல கறுப்பு பெயிண்ட் காஞ்சுகினு இருந்துச்சு. கல்லுல அந்தச் சேவல் ஒரு கால் தூக்கி, கழுத்து மசிரு சிலுப்பி, அலகைப் பொளந்துகினு நிக்குது. உள்ளதைச் சொன்னா, மீசை இருந்ததை வுட நல்லாத்தான் இருந்துச்சு.

"வரைய வேண்டியதுதானேண்ணா"ன்னேன்.

"அமலா, நான் இந்த கம்பெனிக்கு ராவும் பகலும் மூட்டை தூக்கறேன். நாளைக்கு நான் செத்தா ஒரு ஸ்க்ரூ நட மாட்டானுங்க. இந்த ஊரு ஒரு கோழிக்குக் கல்லு நட்டிருக்கு பாரேன். ஓடாம நின்னுச்சுன்னு."

"ஆமா."

"அது நின்னுச்சு. நான் அது மேல மீசை வரைஞ்சுகினு இருக்கேன்."

அப்புறம் மோரைக் குடிச்சாரு. டின்னை மூடினாரு. பிரஷ்ஷைக் கழுவினாரு. நேரா சிவசங்கர் சார்கிட்டப் போயி, "சார், சேவல்னே போடுங்க. கஸ்டமர் சிரிச்சா சிரிக்கட்டும்"னுட்டு ஷிப்டுக்குப் போயிட்டாரு. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மாதா சத்தியமா, எதுக்குன்னு கேட்டா, ஒரு கோழிக்காகத்தான்.

ஆடி மூணாவது ஞாயித்துக்கிழமை காலையில ஊரே கேட்ல ஹெல்மெட்டோட நிக்குது. கோதண்டம் அண்ணன் சேவலோட வந்தாரு. குஞ்சுல இருந்து அவரே வளர்த்தது, ரெண்டரை கிலோ இருக்கும். நாளெல்லாம் ஒரு வேலையும் செய்யாம அங்கயும் இங்கயும் நடந்து சத்தம் போடும்னு அதுக்கு சூப்பர்வைசர்னு பேரு.

நான் பாஸ் புக்கைத் தொறந்தேன். "சேவல் ஒண்ணு. திரும்ப வராது"ன்னு எழுதப் போனேன்.

"திரும்ப வரும்னு எழுது"ன்னாரு.

பின்னால இருந்து ராஜாமணி எட்டிப் பார்த்தான். "அப்ப கொழம்பு, மாமா?"

"சாம்பாரு."

"யாருது?"ன்னு அடுத்த கட்டத்தைக் கேட்டேன். "அதை வுட்டுடும்மா. என் பேரைப் போட்டா, மரியாதைக்கு அலையறான்னு சொல்லுவானுங்க"ன்னாரு. பதினாலு வருஷத்துல மொத தடவையா ஒரு கட்டத்தைக் காலியா வுட்டு ஆளை உள்ள அனுப்பிச்சேன். பின்னாடியே, கேட்டை செக்யூரிட்டிகிட்ட ஒப்படைச்சுட்டு நானும் போனேன்.

நெருப்பு பர்மிட் வாங்கியாச்சு, கற்பூரம் கொளுத்தியாச்சு. ராஜாமணி புதுச்சட்டையில முன்னால நின்னான், பரிவட்டம் கட்ட வசதியா ஹெல்மெட்டுப் பட்டையை முன்னாடியே இறுக்கிகினு. கோதண்டம் அண்ணன் கடைசி வரிசையில, சேவலைக் கக்கத்துல இடுக்கிகினு நின்னாரு. பலகை திறக்கறப்ப சேவலும் கிட்ட இருந்தா ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும்னு சிவசங்கர் சார்தான் அவரை முன்னால இழுத்துகினு போனாரு. பிளான்ட் ஹெட்டு துணியை இழுத்தாரு. ஸ்டீல் பலகை, சேவல்னே எழுதியிருக்கு, கண்ணாடி கணக்கா மின்னுது.

அந்தப் பலகைக்குள்ள சூப்பர்வைசர் இன்னொரு சேவலைப் பார்த்துட்டாரு.

அவ்வளவுதான். கக்கத்துல இருந்து பிச்சுகினு பாய்ஞ்சுது. பலகையில ஒரு அடி, டங்குன்னு சத்தம். எதிராளியும் அடிக்கறான் இல்ல, இதுக்கு வெறி ஏறிச்சு. டங்கு, டங்கு. கஸ்டமர் நாலு பேரும் இதெல்லாம் நிகழ்ச்சியில சேர்த்திதான்னு நினைச்சுக் கை தட்டறாங்க. பிளான்ட் ஹெட்டு தீயணைப்புக்காரன் பின்னால ஒளிஞ்சாரு. சிவசங்கர் சார் புடிக்கப் போயி சூப்பர்வைசர்கிட்ட ஒரு கொத்து வாங்கினாரு. ஆறு தடவை மோதி, ஸ்டீல் நசுங்கியும் அது பின்வாங்கல. ஒரு கால் தூக்கி, கழுத்து மசிரு சிலுப்பி, அலகைப் பொளந்துகினு நின்னுச்சு. பக்கத்துல கல்லுலயும் ஒண்ணு அப்படியே நிக்குது.

சிரிச்சவன் எல்லாம் சிரிப்பை நிறுத்திட்டான்.

பூசாரி சுப்பன் பரிவட்டத்தைக் கையில வெச்சுகினு சேவலையே பார்த்தாரு. அவரு அதிகம் பேசாத மனுஷன். மெதுவாக் கேட்டாரு, "இது யாரு சேவலு?"

"கோதண்டத்துது"ன்னு ஜனம் சொல்லிச்சு. எல்லாருக்கும் முன்னால சத்தமாச் சொன்னவன் ராஜாமணி. பாவம், வாய் தவறி வந்துடுச்சு.

"சேவல் நின்னு அடிச்சா மரியாதை வளர்த்தவனுக்கு. அதானே முறை"ன்னு சொல்லிகினே சுப்பன் ராஜாமணியைத் தாண்டி நடந்தாரு. கோதண்டம் அண்ணன் ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துட்டுப் பின்னால நகரப் பார்த்தாரு. ரத்னா அக்கா வழியை மறிச்சு நின்னுச்சு. ஹெல்மெட்டு மேல பரிவட்டம் ஏறிச்சு. அந்த மீசை நனைஞ்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான். ஆறுமுகநயினார் பூதக்கண்ணாடியைப் பையில வெச்சுட்டு, அவருகிட்ட மொத ஆளாக் கை நீட்டி விபூதி வாங்கிகினாரு.

சாயந்திரம் வெளிய போறப்ப கேட்ல நின்னாரு. தலையில பரிவட்டம், கக்கத்துல சூப்பர்வைசர், வாயில சாம்பார் ஏப்பம். திரும்ப வந்துச்சான்னு கேக்கற இடத்துல டிக் போட்டேன். அப்புறம் காலியா இருந்த கட்டத்துல பேனாவை வெச்சேன்.

"இப்ப எழுதலாமாண்ணா?"

"எழுதும்மா. நடுவுல எழுது. மூலையில எழுதாத, உடைஞ்சிடும்."